சொஸ்தமும் சுவிசேஷமும்: அப்போஸ்தலர்கள் எதைப் பிரசங்கித்தார்கள்?

கேள்வி (2024 ஜனவரி 14)

இயேசு சீஷர்களை அனுப்பியபோது பிரசங்கிக்கவும் பிணியாளிகளைச் சொஸ்தமாக்கவும் (குணமாக்கவும்) சேர்த்தே அனுப்பினார் (லூக்கா 9:2). இன்றைய சபை முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மருத்துவமனையிடம் ஒப்படைத்துவிட்டது. நாம் அறிவிப்பது பாதிச் சுவிசேஷம் அல்லவா?

ஜனவரி 14, இரவு

நான் பார்த்தது இதற்கு நேர் எதிர். நான் உட்கார்ந்திருந்த சபைகளில் சொஸ்தம் எங்கும் போய்விடவில்லை. சுவிசேஷம்தான் காணாமல் போயிருந்தது. மூன்று மணி நேரக் கூட்டம் ஒன்றில் முழங்கால் வலி, முதுகுவலி, சர்க்கரை, குழந்தையின்மை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழைத்தார்கள். இயேசுவின் பெயர் நூறு தடவை வந்தது. அவர் ஏன் மரித்தார் என்பது ஒரு தடவைகூட வரவில்லை.

அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பிறவியிலேயே நடக்க முடியாதவன். நாற்பது வயதைத் தாண்டியவன். தேவாலயத்தின் அலங்கார வாசலில் தினமும் கொண்டுவந்து வைக்கப்பட்டவன். அவன் குதித்தெழுந்து நடக்கிறான். பேதுருவையும் யோவானையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். சாலொமோன் மண்டபத்தில் கூட்டம் ஓடிவந்து சேருகிறது. இன்றைய ஊழியர் ஒருவர் அந்த இடத்தில் நின்றால் "இன்னும் யாருக்குச் சுகம் வேண்டும், கையை உயர்த்துங்கள்" என்றுதான் தொடங்குவார். பேதுரு தொடங்கியது வேறு விதமாக: எங்கள் சக்தியாலோ பக்தியாலோ இவனை நடக்கவைத்ததுபோல எங்களை ஏன் உற்றுப்பார்க்கிறீர்கள்? பிறகு சிலுவை, உயிர்த்தெழுதல், மனந்திரும்புதல். நடந்த சுகத்தைப் பற்றித் தொடக்கத்தில் ஒரு வரி, நடுவில் ஒரு வரி. கூட்டத்தில் நின்றிருந்த வேறு நோயாளிகளுக்கு அழைப்பே இல்லை.

சொஸ்தம் கேள்வியை எழுப்பியது. பிரசங்கம் அதற்குப் பதில் சொன்னது. அப்போஸ்தலர்களின் பிரசங்கங்கள் எதிலும் சொஸ்தம் பேசுபொருளாக வருவதே இல்லை.

ஜனவரி 15, காலை

நேற்று எழுதியதில் கடைசி வரி தவறு. ஒரு சகோதரி சரியாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார். ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு பேசும்போது, இயேசு நன்மை செய்கிறவராகவும் பிசாசின் வல்லமையில் அகப்பட்டவர்களைக் குணமாக்குகிறவராகவும் சுற்றித்திரிந்தார் என்று சொல்லியே செய்தியைத் தொடங்குகிறார் (அப்போஸ்தலர் 10:38). பெந்தெகொஸ்தே நாளிலும் அற்புதங்களும் அடையாளங்களும் பிரசங்கத்துக்குள் வருகின்றன (2:22). "வருவதே இல்லை" என்று அடித்துச் சொன்னது என் அவசரம்.

ஆனால் எப்படி வருகின்றன என்று கவனியுங்கள். இயேசு யார் என்பதற்குச் சாட்சியாக, அவர் செய்துமுடித்த செயலாக வருகின்றன. கேட்கிறவனுக்கு இன்று மாலைக்குள் கிடைக்கப்போகும் பொருளாக வரவில்லை.

ஜனவரி 15, மதியம்

சொல்ல மறந்தது ஒன்று. கேள்வி கேட்டவர் லூக்கா 9:2ஐக் காட்டினார். அடுத்த அதிகாரத்தில் எழுபது பேரை அனுப்பும்போது வரிசை மாறுகிறது: முதலில் சொஸ்தமாக்குங்கள், பிறகு தேவனுடைய ராஜ்யம் சமீபமாய் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள் (10:9). ஆகவே எது முந்தியது என்ற சண்டை வீண். என்னை நிறுத்தியது அதற்கு இரண்டு வசனம் தள்ளி வருவது. ஏற்றுக்கொள்ளாத பட்டணத்தில் காலில் ஒட்டிய தூசியையும் துடைத்துப்போட வேண்டும். ஆனாலும் தேவனுடைய ராஜ்யம் சமீபமாய் வந்திருக்கிறது என்று அங்கேயும் சொல்ல வேண்டும் (10:11). ஒரே செய்தி. சொஸ்தம் நடந்த வீட்டிலும் அதுதான். யாரும் சொஸ்தமாகாத தெருவிலும் அதுதான்.

இந்த இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை வருடம் பிடித்தது.

ஜனவரி 17

"சுகம் உடலுக்கு, இரட்சிப்பு ஆத்துமாவுக்கு, இரண்டையும் குழப்பாதீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு சுத்தமாகக் கோடு போட வேதம் இடம் தருவதில்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'சோஸோ' என்ற வினைச்சொல் இரண்டுக்கும் பொதுவாக வருகிறது. பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணிடம் இயேசு "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறார் (மாற்கு 5:34). பரிசேயன் வீட்டில் அவர் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்கு நோய் இருந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. அவளிடமும் அதே வாக்கியம் (லூக்கா 7:50). நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் 'இரட்சித்தது' என்றே வைத்திருப்பது எனக்குப் பெரிய நிறைவு. ஆனால் அதே மொழிபெயர்ப்பு அப்போஸ்தலர் 4இல் சொல்லைப் பிரித்துவிடுகிறது. ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுரு, இவன் எதனால் 'ஆரோக்கியமானான்' என்று கேட்கிறீர்களே என்கிறார் (4:9). மூன்று வசனம் கழித்து வேறொருவராலும் 'இரட்சிப்பு' இல்லை என்கிறார் (4:12). கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. அந்த ஒலி ஒற்றுமையில்தான் பேதுரு ஒரு மனிதனின் கால்களிலிருந்து எல்லா மனிதரின் இரட்சிப்புக்குத் தாவுகிறார். தமிழில் படிக்கும்போது அந்தத் தாவல் காதில் விழுவதில்லை.

யாக்கோபு 5:15இலும் இதே சொல்: விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும், கர்த்தர் அவனை எழுப்புவார். படுக்கையிலிருந்து எழுப்புவாரா, கல்லறையிலிருந்தா? யாக்கோபு பயன்படுத்தும் சொல் இரண்டையும் தாங்கும். அவர் தெரிந்தே அப்படி வைத்தார் என்பது என் நம்பிக்கை.

ஜனவரி 17, இரவு

மேலே சொன்னதை வைத்து "அப்படியானால் இரட்சிக்கப்பட்டவன் எல்லாம் சுகமாக வேண்டும்" என்று வாதிட வேண்டாம். நான் சொன்னது அது அல்ல.

ஜனவரி 21

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். லீஸ்திராவையும் மெலித்தா தீவையும் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்.

லீஸ்திராவில் பவுல் பிரசங்கித்துக்கொண்டிருக்கிறார். பிறவிச் சப்பாணி ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். எழுந்து நில் என்கிறார், நிற்கிறான். ஜனங்கள் என்ன சொன்னார்கள்? தேவர்கள் மனுஷ ரூபமெடுத்து இறங்கிவந்திருக்கிறார்கள். பர்னபாவுக்கு யூப்பித்தர் என்று பெயர், பவுலுக்கு மெர்க்கூரி. எருதுகளும் மாலைகளும் வந்துவிட்டன. இருவரும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்கிறார்கள். அற்புதம் தானாகப் பேசாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேறு இல்லை. பார்க்கிறவன் ஏற்கெனவே தன் மனதில் இருக்கும் கதைக்குள் அதைச் செருகிக்கொள்வான். சற்றுப் பொறுத்து அதே ஊரில் பவுலைக் கல்லெறிந்து, செத்தான் என்று எண்ணி, ஊருக்கு வெளியே இழுத்துப்போட்டார்கள்.

ஆனால் மெலித்தா இருக்கிறது. கப்பல் உடைந்து கரையேறிய பவுல், புபிலியுவின் தகப்பன் காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் கிடப்பதைப் பார்த்து ஜெபித்துக் கைகளை வைக்கிறார். தீவின் மற்ற நோயாளிகளும் வந்து குணமாகிறார்கள். அங்கே பவுல் ஒரு பிரசங்கம் செய்ததாக லூக்கா ஒரு வரியும் எழுதவில்லை. பிரசங்கங்களை அவ்வளவு ஆசையாகப் பதிவு செய்கிறவர் இங்கே சும்மா இருக்கிறார். 'சொஸ்தம் கேள்வி, பிரசங்கம் பதில்' என்று முதல் நாளில் நான் போட்ட சூத்திரம் மெலித்தாவில் உடைகிறது. நோயாளி நோயாளியாக இருப்பதாலேயே அவனுக்காக ஜெபிக்கலாம். அவன் கேட்டே ஆக வேண்டிய பிரசங்கம் என்று ஒரு விலை அதற்குக் கிடையாது.

ஜனவரி 22

சொந்தக் கதை வேண்டாம் என்று இருந்தேன். "சுகம் கிடைக்காதவர்கள் விசுவாசக் குறைவுள்ளவர்கள், அவ்வளவுதான்" என்று ஒருவர் ஒற்றை வரியில் முடித்திருப்பதால் எழுதுகிறேன்.

என் அக்காவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஞாயிறு பள்ளியில் இருபது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவள். ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் அவளை மேடைக்கு அழைத்தார்கள். கைவைத்து ஜெபித்தார்கள். உடம்பில் சூடு பரவியது என்று அவள் சொன்னாள். பொய் சொல்லக்கூடியவள் அல்ல. உடனே ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். "கர்த்தர் எனக்குப் புதுச் சிறுநீரகம் கொடுத்துவிட்டார்" என்ற வாக்கியத்தை ஒருவர் முன்மொழிய, அவள் திருப்பிச் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

மறுநாள் டயாலிசிஸுக்குப் போகவில்லை. சாட்சி சொன்ன பிறகு போனால் அவிசுவாசம் ஆகிவிடுமே என்று பயந்தாள். அடுத்த முறையையும் விட்டாள். நான்காம் நாள் இரவு படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினாள். கால்கள் வீங்கிக் கணுக்கால் எலும்பு தெரியவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தாள்.

அதன்பிறகு நடந்தது அதைவிடக் கொடுமை. அவள் சுகத்தை 'இழந்துவிட்டாள்' என்று சபையில் பேசிக்கொண்டார்கள். பத்து மாதம் ஆராதனைக்குப் போகவில்லை. நோய் அவளைச் சபையிலிருந்து பிரிக்கவில்லை. அந்தக் கைதட்டல் பிரித்தது.

ஜனவரி 22, பின்னிரவு

விசுவாசக் குறைவு என்று எழுதியவருக்கு: பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். இன்னொரு உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்த் திரும்பினான். இவர்களில் யாரையும் அவர் விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று முறை வேண்டிக்கொண்டார், அது போகவில்லை.

கலாத்தியர் 4:13ஐயும் பாருங்கள். சரீர பலவீனத்தோடே முதலில் உங்களுக்குச் சுவிசேஷத்தைப் பிரசங்கித்தேன் என்று தமிழில் இருக்கிறது. கிரேக்கத்தில் இன்னும் அழுத்தம்: அந்தப் பலவீனத்தின் காரணமாகவே பிரசங்கித்தேன் என்கிறார். கலாத்தியாவுக்குச் சுவிசேஷம் போய்ச் சேர்ந்ததே பவுலுக்கு உடம்பு முடியாமல் போனதால்.

இயேசு வளர்ந்த ஊரான நாசரேத்தைக் காட்டுவீர்கள் என்று தெரியும். அங்கே அவிசுவாசத்தினிமித்தம் அற்புதம் செய்யக்கூடாமல் போயிற்று, உண்மைதான். ஆனால் சில நோயாளிகள்மேல் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது (மாற்கு 6:5). அங்கே கண்டனம் அவரை ஏற்காத ஊருக்கு. அவரிடம் வந்த நோயாளிக்கு அல்ல. முப்பத்தெட்டு வருடம் வியாதியாயிருந்து பெதஸ்தா குளத்தருகே கிடந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கியவர் யார் என்றுகூடத் தெரியாது.

பிப்ரவரி 2

பத்து நாள் எழுதவில்லை. இடையில் ஒருவர், "அற்புதங்கள் அப்போஸ்தலர்களோடு முடிந்துவிட்டன என்று ஒப்புக்கொண்டால் இந்தத் துன்பமெல்லாம் இல்லை" என்று எழுதியிருக்கிறார். என் அக்காவின் கதையை அதற்கு ஆதாரமாக எடுத்திருக்கிறார். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆதிச் சபையின் சாட்சி அப்படி இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாதிராத்து என்ற கிறிஸ்தவர், இயேசு குணமாக்கியவர்களில் சிலர் நம் காலம்வரை உயிரோடிருந்தார்கள் என்று ரோமப் பேரரசன் ஆதிரியானுக்கு எழுதினார். சுமார் 180இல் லியோன் நகரத்து ஆயர் ஐரேனியு, சபையில் நோயாளிகள்மேல் கைகளை வைத்துக் குணமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் அதற்கு அவர்கள் பணம் வாங்குவதில்லை என்றும் எழுதினார். அந்த இரண்டாவது பகுதியைச் சுகமளிக்கும் கூட்டங்களின் வாசலில் ஒட்டிவைக்கலாம்.

ஆனால் அதே ஆதிச் சபையில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்பிரியானும் இருக்கிறார். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் வந்தபோது, அது அவிசுவாசிகளைப் போலவே நம்மவர்களையும் தாக்குகிறதே என்று கார்த்தேஜ் விசுவாசிகள் கலங்கினார்கள். அவர் அதை மறைக்கவில்லை; மாம்சத்தில் இருக்கும்வரை இது எல்லோருக்கும் பொது என்று நேராகச் சொன்னார். அதே காலத்தில் அலெக்சந்திரியாவில் விசுவாசிகள் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, தாங்களும் நோய் தொற்றி இறந்தார்கள் என்று அவ்வூர் ஆயர் தியொனீசியு கடிதம் எழுதியிருக்கிறார். கைவைத்தார்கள், குணமானார்கள் என்பது ஒரு சாட்சி. கைவைத்தார்கள், கூடவே செத்தார்கள் என்பதும் சாட்சிதான்.

ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன் கதை இன்னும் சுவையானது. சுமார் 390இல் அத்தகைய அற்புதங்கள் நம் காலம்வரை நீடிக்கவில்லை என்று எழுதியவர், முதுமையில் 'கடவுளின் நகரம்' 22ஆம் புத்தகத்தில் தானே பார்த்த குணமாதல்களை வரிசையாக எழுதுகிறார். ஹிப்போவில் இரண்டு வருடத்துக்குள் ஏறக்குறைய எழுபது எழுத்துச் சாட்சிகள் சேர்ந்தன. கார்த்தேஜில் இன்னொசெந்து என்பவருக்கு ஏற்கெனவே அறுவை நடந்து, ஆழத்தில் ஒரு புண் தப்பிவிட்டது; மறுநாள் மறுபடி அறுக்க வேண்டும். முந்தைய மாலை அவர் தரையில் விழுந்து கதறி ஜெபித்தபோது அகுஸ்தீனால் ஜெபிக்கவே முடியவில்லை. 'ஆண்டவரே, இதைக் கேட்கவில்லை என்றால் உம் ஜனத்தின் எந்த ஜெபத்தைத்தான் கேட்பீர்?' என்று மட்டும் மனதுக்குள் சொன்னாராம். காலையில் வைத்தியர்கள் கட்டை அவிழ்த்தால் அங்கே உறுதியான தழும்பு.

தன் எண்ணத்தை எழுத்திலேயே மாற்றிக்கொண்ட அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பிப்ரவரி 4

அகுஸ்தீன் என்னையும் திருத்துகிறார். அக்காவின் அனுபவத்துக்குப் பிறகு, சுகம் பெற்றவர் வாயைத் திறக்காமல் இருப்பதே மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாற்கு 1இல் சொஸ்தமான குஷ்டரோகியிடம் யாருக்கும் சொல்லாதே என்கிறார் இயேசு. அவன் போய்ப் பிரசித்தப்படுத்துகிறான்; அதனால் அவர் வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் நுழையவே முடியாமல் போகிறது. இதை நான் பலரிடம் மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

ஆனால் அதே மாற்கு 5இல், பிசாசு நீங்கினவனிடம் உன் வீட்டுக்குப் போய் உன் இனத்தாருக்குச் சொல் என்கிறார். கார்த்தேஜில் மார்பில் புற்றுநோய் வந்து குணமான இன்னொசெந்தியா அதை வெளியே சொல்லாமல் இருந்ததற்காக அகுஸ்தீன் கோபப்பட்டு, அவளைச் சொல்லவைத்தார். ஆகவே சாட்சியே தவறு என்பது என் காயம் பேசியது. அவளுடைய வைத்தியர் அவளைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று கண்ட பிறகு வந்த சாட்சி அது. என் அக்காவிடம் ஐந்து நிமிடத்தில் கேட்டார்கள்.

பிப்ரவரி 4, மாலை

நியாயமாக இதையும் எழுத வேண்டும். என் நண்பர் ஒருவருக்கு ஆறு வாரம் விடாத காய்ச்சல். எத்தனையோ பரிசோதனை, காரணம் தெரியவில்லை. நாங்கள் நான்கு பேர் போய் ஜெபித்தோம். அன்றிரவு இறங்கிய காய்ச்சல் திரும்பவில்லை. கர்த்தர் செய்தார் என்று நம்புகிறேன். வேறு எவரும் நம்பியாக வேண்டும் என்று கேட்க மாட்டேன். அவர் அதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. என்னிடம் வருடத்துக்கு ஒருமுறை சொல்வார், ஒவ்வொரு முறையும் குரல் தழுதழுக்கும்.

அதே நான்கு பேர் அக்காவுக்காகவும் ஜெபித்தோம்.

பிப்ரவரி 11

"குறை சொல்வது போதும், சபை என்ன செய்ய வேண்டும்?" என்று கேள்வியைத் தொடங்கியவரே கேட்கிறார். யாக்கோபு 5 சொன்னதைச் சொன்னபடி செய்யலாம். வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கிறான். அவர்கள் அவனிடம் போகிறார்கள். எண்ணெய் பூசி ஜெபம். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுதல். மேடை இல்லை, கூட்டம் இல்லை, எண்ணிக்கை இல்லை. இந்த எண்ணெய் எப்படியெல்லாம் அலைந்தது என்று பாருங்கள்: மேற்கத்திய சபையில் இடைக்காலத்தில் அது சாகப்போகிறவனுக்கு உரியதாகச் சுருங்கி, 'அவஸ்தைப்பூசுதல்' ஆயிற்று. குருவானவர் எண்ணெயோடு வந்தால் வீட்டார் அழத் தொடங்கிவிடுவார்கள். கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் 'நோயில்பூசுதல்' என்ற பெயரே பொருத்தம் என்று சொல்லி, அதை மீண்டும் நோயாளியிடம் திருப்பிக் கொடுத்தது. நான் கத்தோலிக்கன் அல்ல. ஆனாலும் அது நல்ல காரியம்.

அக்கா சபைக்கு வராமல் இருந்த பத்தாவது மாதத்தில் வயதான மூப்பர் ஒருவர் டயாலிசிஸ் நடக்கும் இடத்துக்கே வந்தார். சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவுக் குப்பியை எடுத்தார். செவிலியரிடம் அனுமதி கேட்டார். நெற்றியில் ஒரு சொட்டு. ஜெபம் இரண்டு நிமிடம்கூட இல்லை. "சுகமாயிற்று" என்று சொல்லவில்லை. "சுகமாகாது" என்றும் சொல்லவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இயந்திரம் ஓடி முடியும்வரை நான்கு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். 42ஆம் சங்கீதத்தை வாசித்தார். அடுத்த ஞாயிறு அக்கா ஆராதனைக்கு வந்தாள்.

யோவான்ஸ்நானன் சிறையிலிருந்து ஆள் அனுப்பி, வருகிறவர் நீர்தானா என்று கேட்டபோது, குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே வந்த இயேசு, தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்று முடித்தார் (லூக்கா 7:22). சிறைக்கதவு திறக்கும் என்று யோவானுக்குச் சொல்லவில்லை. திறக்கவும் இல்லை. கதவு திறக்காதவனிடமும் சொல்லத்தக்க செய்தி நம் கையில் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. என் அக்கா மேடையில் நின்ற அந்த இரவில் எங்கள் கையில் அது இல்லை.

பிப்ரவரி 13

திருத்தம். நான் எழுதியதையெல்லாம் அக்கா படித்துவிட்டாள். இரண்டு இடங்களைத் திருத்தச் சொன்னாள்.

மூப்பர் வந்த நாளில் வாசித்தது 42ஆம் சங்கீதம் அல்ல, 41. படுக்கையின்மேல் வியாதியாய்க் கிடக்கிறவனைக் கர்த்தர் தாங்குவார் என்று வருகிறதே, அது.

வாசித்ததும் மூப்பர் இல்லையாம். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். "எனக்கு எழுத்து தெரியவில்லை, நீ எனக்கு வாசி அம்மா" என்று வேதாகமத்தைக் கொடுத்தார். ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது. மற்றக் கையில் புத்தகத்தைப் பிடித்து, பக்கம் புரளாமல் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, அக்காதான் அவருக்கு வாசித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாராம்.